பாட்டில் நுண்ணுயிரும் மண்ணில் இருக்கும் நுண்ணுயிரும்

செடி வாடினாலும் சரி, காய்க்காவிட்டாலும் சரி, "மண்ணில் நல்ல கிருமி இல்லை, ஒரு பாட்டில் வாங்கி ஊற்றுங்கள்" என்று சொல்வது இப்போது பினாங்கில் வழக்கமாகிவிட்டது. நர்சரி அலமாரியில் பல நுண்ணுயிர்கள் கலந்த ஈ.எம். திரவம் இருக்கிறது, ட்ரைக்கோடெர்மா என்ற பூஞ்சையின் பொடி இருக்கிறது, மைக்கோரைசா எனும் வேர்ப்பூஞ்சைக் குருணை இருக்கிறது. பழத்தோலை ஊறவைத்து என்சைம் தயாரிப்பவர்கள் ஒரு பக்கம், பஞ்சகவ்யம் கலக்குபவர்கள் இன்னொரு பக்கம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இயற்கை விவசாயத்தைப் பற்றிப் பேசி வருவதால் நம் மக்களிடம் இந்த ஆர்வம் நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. அது மகிழ்ச்சியான விஷயம். ஆனால் இவை அத்தனைக்கும் "இயற்கை உரம்" என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம். அதனால் எது எதற்கு என்பது குழம்பிப்போயிருக்கிறது.

மூன்று விஷயங்களை முதலில் பிரித்துக்கொள்வோம். செடி உறிஞ்சிக்கொள்ளும் சத்து ஒன்று. அந்தச் சத்தை உறிஞ்சத்தக்க வடிவத்துக்குக் கொண்டுவரும் உயிர்கள் இரண்டாவது. அந்த உயிர்களுக்கான தீனி மூன்றாவது. கடையில் விற்கும் என்.பி.கே. உரம் முதல் வகை. ட்ரைக்கோடெர்மா பொடி இரண்டாவது. காய்ந்த இலையும் தென்னை மட்டைத் தூளும் மூன்றாவது. நன்றாக மட்கிய எருவில் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். கையில் எடுக்கும் பொருள் இதில் எந்த வகை என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. தீனியும் இடமும் இல்லாமல் அந்த உயிர்களை மட்டும் வாங்கி ஊற்றிப் பயனில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

## தோசை மாவில் நடப்பது

அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்து, இரவு மூடி வைக்கிறோம். காலையில் மாவு பொங்கியிருக்கிறது. பொங்க வைத்த கிருமியை யாரும் கடையில் வாங்கவில்லை. உளுந்திலும் அரிசியிலும் முன்பே ஒட்டிக்கொண்டிருந்தவைதான் பெருகியிருக்கின்றன. நாம் தீனி கொடுத்தோம், ஈரம் கொடுத்தோம், கதகதப்பான இடத்தில் வைத்தோம். மற்றதை அவை தங்கள் பிழைப்புக்காகச் செய்துகொண்டன. அவை வெளியிட்ட வாயுவால் மாவு பொங்கியது, அவை சுரந்த அமிலத்தால் புளித்தது.

மண்ணிலும் இதே கதைதான். செடிக்கு உதவ வேண்டும் என்று எந்த நுண்ணுயிரும் நினைப்பதில்லை. தன் வயிற்றுக்காக அது செய்யும் வேலையில் மிஞ்சுவதும் கழிவதும் செடிக்குச் சத்தாகிறது.

மாவு இன்னொன்றையும் காட்டுகிறது. கேமரன் மலையின் குளிரில் விடியும்வரை வைத்தாலும் மந்தமாக இருக்கும் மாவு, பட்டர்வொர்த் சமையலறையில் சில மணி நேரத்திலேயே பொங்கி வழிந்துவிடும். சூட்டில் நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்னும். குளிர்நாட்டுத் தோட்டத்தில் ஒருமுறை போட்ட எரு நெடுநாள் நிற்கும். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் அதே எரு சில மாதங்களில் காணாமல் போகும். "வருடத்துக்கு ஒருமுறை எரு போடுங்கள்" என்று வெளிநாட்டுக் காணொளியில் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. இங்கே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போட வேண்டும்.

## மண்ணுக்குள் யார் யார்

நுண்ணுயிர் என்றால் வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய உயிர். தோட்டக்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு கூட்டங்கள். பாக்டீரியா என்பது ஒரே செல்லால் ஆன உயிர். பூஞ்சை என்பது காளானின் இனம். மண்ணுக்குள் நூலைவிட மெல்லிய இழைகளாகப் படர்ந்து வாழும். வளமான தோட்டமண்ணில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதில் 100 கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கலாம். அதே கரண்டியில் இருக்கும் பூஞ்சை இழைகளை நீட்டிப் பிடித்தால் பல மீட்டர் போகும். வெயிலுக்குப் பிறகு முதல் மழை விழும்போது எழும் மண்வாசனைகூட ஒருவகை மண் பாக்டீரியா தயாரிக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் மணம்தான்.

இவற்றைத் தின்று வாழும் ஓரணு உயிர்களும் நுண்புழுக்களும் உண்டு. அவை முக்கியமானவை. பாக்டீரியாவின் உடலில் தழைச்சத்து நிறைய இருக்கிறது. அதைத் தின்னும் உயிர் தனக்குத் தேவைப்பட்டது போக மீதியை மண்ணில் கழித்துவிடுகிறது. வேர் அதை எடுத்துக்கொள்கிறது.

தழைச்சத்து என்றால் நைட்ரஜன், இலையும் தண்டும் வளர. மணிச்சத்து என்றால் பாஸ்பரஸ், வேருக்கும் பூவுக்கும் விதைக்கும். உர மூட்டையில் எழுதியிருக்கும் மூன்று எண்களில் முதல் இரண்டும் இவற்றைக் குறிப்பவை. மூன்றாவது சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம். இந்தக் கட்டுரைக்கு முதல் இரண்டு போதும்.

## வேரைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டர்

நுண்ணுயிர்கள் மண் முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. வேரை ஒட்டிய மெல்லிய மண்படலத்தில்தான் கூட்டம் அதிகம். 1904-ல் லோரென்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் இந்தப் பகுதிக்கு ரைசோஸ்பியர் என்று பெயர் வைத்தார். நாம் வேர்ச்சூழல் என்று சொல்லலாம். அதன் அகலம் சில மில்லிமீட்டர்தான்.

அங்கே ஏன் கூட்டம்? செடி தீனி போடுகிறது. இலை வெயிலில் தயாரித்த சர்க்கரையில் கணிசமான பங்கை, அமினோ அமிலங்களோடும் வேறு அமிலங்களோடும் சேர்த்து, வேர் வழியாக மண்ணில் கசிய விடுகிறது. கஷ்டப்பட்டுச் சேர்த்ததை ஒரு செடி இப்படி வெளியே விடுகிறது என்றால், அதற்கு ஈடாகக் கிடைப்பது பெரிதாக இருக்க வேண்டும். அங்கே கூடும் உயிர்களில் சில சத்தைக் கரைத்துத் தருகின்றன, சில வேரை வளரத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன, சில நோய்க்கிருமிக்கு இடம் கொடுக்காமல் அடைத்துக்கொள்கின்றன.

உயிருள்ள வேர் இருக்கும்வரைதான் இந்தத் தீனி வரும். அறுவடை முடிந்து ஒரு தொட்டியை மாதக்கணக்கில் வெறுமையாகக் காயப்போட்டால் வேர்ச்சூழலும் கலைந்துபோகும். அடுத்த பயிர் உடனே போட மனமில்லை என்றால் ஒரு பிடி பயறாவது தூவி வையுங்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நுண்ணுயிர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே மண்ணில் இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டு வழியில் தீனி வருகிறது. ஒன்று நாம் போடும் இலை, எரு போன்றவை. மற்றொன்று உயிருள்ள வேர் கசிய விடுவது. இனி, அவை செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## மட்க வைக்கும் வேலை

ஒரு வாழைத்தோலில் சத்து இருக்கிறது. ஆனால் செடிக்கு வாய் இல்லை. நீரில் கரைந்த எளிய வடிவத்தில் இருந்தால்தான் வேர் உறிஞ்சும். பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் தோலைச் சிறுகச் சிறுகச் சிதைத்து, அதில் கட்டுண்ட தழைச்சத்தை முதலில் அம்மோனியமாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த இரண்டையும் செடி எடுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தியாக வேண்டும். "இயற்கை உரத்துக்குத்தான் நுண்ணுயிர் தேவை, ரசாயன உரம் நேராக வேருக்குப் போய்விடும்" என்று பலர் நினைக்கிறார்கள். யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் விழுந்த யூரியாவின் பெரும்பகுதியை அம்மோனியமாக உடைப்பது யூரியேஸ் என்ற நொதி. மண்ணில் அந்த நொதி பெரும்பாலும் நுண்ணுயிர்களிடமிருந்துதான் வருகிறது. அம்மோனியத்தை நைட்ரேட்டாக்குவதும் பாக்டீரியாதான். எந்த உரம் போட்டாலும் நடுவில் இந்த உயிர்கள் இருக்கின்றன.

சரி, மட்காத பொருளைப் போட்டால் சில சமயம் செடி மஞ்சளாகிறதே, அது ஏன்? புது மரத்தூளில் கரிமம் (கார்பன்) நிறைய, தழைச்சத்து மிகக் குறைவு. அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் பெருகத் தழைச்சத்து வேண்டும். தூளில் கிடைக்காததை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. செடிக்குப் போக வேண்டியது அவற்றின் உடலில் தற்காலிகமாக மாட்டிக்கொள்கிறது. தூள் மட்கி, அவை மடிந்த பிறகுதான் அது திரும்பக் கிடைக்கும். அதனால் மரத்தூளை மண்ணுக்குள் கலக்காதீர்கள். மேலே மூடாக்காகப் பரப்பினால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மூடாக்கு என்றால் மண்ணை வெயிலுக்கும் மழைக்கும் காட்டாமல் மூடி வைக்கும் இலை, வைக்கோல், உமி போன்ற எதுவும்.

பச்சைக் கோழி எரு இதற்கு நேரெதிர். அதில் தழைச்சத்து அளவுக்கு மேல். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை அம்மோனியா, அதாவது சத்து காற்றில் பறக்கிறது, வேரும் கருகும். காய்ந்த இலையோடு கலந்து குவித்து, சூடு ஏறி இறங்கும்வரை மட்க விட வேண்டும். ஓரளவு பெரிய குவியலின் நடுப்பகுதி நுண்ணுயிர்களின் உழைப்பாலேயே 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் களை விதைகளும் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் சாகும். குவியல் சூடானதும் "கெட்டுப்போச்சு" என்று கலைத்துவிடாதீர்கள், அப்போதுதான் அது நன்றாக வேலை செய்கிறது.

## காற்றிலிருந்து தழைச்சத்து

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருப்பதால் எந்தச் செடியாலும் அதை நேரே பயன்படுத்த முடியாது. உரத் தொழிற்சாலையில் அதைப் பிரிக்க 400 டிகிரிக்கு மேல் சூடும் கடும் அழுத்தமும் தேவை. அதே வேலையைச் சில பாக்டீரியாக்கள் சாதாரண மண்ணின் சூட்டில் செய்கின்றன.

அவற்றில் பெயர்பெற்றது ரைசோபியம் குடும்பம். இவை பயறு வகைச் செடிகளின் வேருக்குள் நுழைந்து சிறு முடிச்சுகளை உண்டாக்கி அதில் குடியிருக்கும். செடி சர்க்கரை தருகிறது, பாக்டீரியா தழைச்சத்து தருகிறது. வேர் முடிச்சுகளில்தான் இந்த வேலை நடக்கிறது என்பதை 1880களில் ஹெல்ரீகல், வில்ஃபார்ட் என்ற இரு ஜெர்மானியர்கள் நிரூபித்தார்கள்.

நம் தோட்டத்து மக்களுக்கு இது அறிமுகமான காட்சி. ரப்பர் கன்றுகளுக்கும் செம்பனைக் கன்றுகளுக்கும் நடுவே தரை முழுக்கக் கொடி படர விட்டிருப்பார்கள். பியூரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசிமா, பிற்காலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த முக்குனா, எல்லாமே பயறுக் குடும்பம். மண்ணரிப்பைத் தடுப்பதோடு, காற்றிலிருந்து பிடித்த தழைச்சத்தை இலைச் சருகாக மண்ணில் சேர்க்கவும் அவற்றை வளர்த்தார்கள். அந்தக் கொடியை விதைத்து, கன்று மூடாமல் வட்டம் போட்டு வெட்டிப் பராமரித்தவர்களில் நம் பாட்டன் பாட்டிமார் ஏராளம். மண் நுண்ணுயிரைப் பயன்படுத்தும் முறை இந்த நாட்டுத் தமிழருக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வீட்டில் சோதித்துப் பார்க்க, ஒரு பயற்றங்காய்ச் செடியைப் பூக்கும் பருவத்தில் மெதுவாகத் தோண்டி எடுங்கள். வேரில் கடுகு முதல் மிளகு அளவு வரை உருண்டைகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள் தரும் நிறம் அது. பாக்டீரியாவின் நொதியை ஆக்சிஜன் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு வேலை செய்யவில்லை. இன்னொரு எச்சரிக்கை: நூற்புழு தாக்கிய வேரிலும் வீக்கம் வரும். முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிரும். நூற்புழு வீக்கத்தில் வேரே பருத்துப் போயிருக்கும், உதிராது.

பயறு நட்டால் பக்கத்திலிருக்கும் மிளகாய்க்கும் உடனே தழைச்சத்து கிடைக்கும் என்று சொல்வார்கள். உயிரோடு இருக்கும்போது பயறு பெரும்பாலானதைத் தனக்கும் தன் காய்க்கும் வைத்துக்கொள்கிறது. அது மடிந்து மட்கிய பிறகுதான் மற்றவற்றுக்குப் போகும். எனவே காய்ப்பு முடிந்ததும் பிடுங்கி எறியாமல் அடித்தண்டோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விடுங்கள். இலைகளை மேலே போடுங்கள். அப்புறம், பயறுக்கு யூரியா வைக்க வேண்டாம். இலவசமாகத் தழைச்சத்து கிடைத்தால் செடி முடிச்சுக்குச் சர்க்கரை செலவழிக்காது.

## மணிச்சத்தை எட்டிப் பிடிக்கும் இழைகள்

பினாங்குத் தீவின் மலைச்சரிவு மண் கருங்கல் சிதைந்து உண்டானது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை அதிலிருந்த சுண்ணத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது அமிலத்தன்மை கூடிய சிவந்த மண். அதிலிருக்கும் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். உரம் போட்டாலும் மணிச்சத்து நகராது, வேர்தான் அது இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

இங்கேதான் மைக்கோரைசா வருகிறது. வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைக்கு, அதாவது வேர்ப்பூஞ்சைக்கு, 1885-ல் ஆல்பர்ட் பெர்னார்ட் ஃபிராங்க் வைத்த பெயர். இந்தப் பூஞ்சை வேரின் செல்களுக்குள் ஒரு கிளையை வைத்துக்கொண்டு, மறுபக்கம் மண்ணுக்குள் இழைகளை நீட்டுகிறது. வேர்த்தூவியைவிட மெல்லிய இழை என்பதால் வேர் நுழைய முடியாத இடுக்குகளிலும் நுழைகிறது. மணிச்சத்தையும் துத்தநாகம் போன்றவற்றையும் எடுத்துவந்து கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் பெற்றுக்கொள்கிறது. ஸ்காட்லாந்தில் கிடைத்த 40 கோடி ஆண்டுப் பழமையான செடிப் புதைபடிவங்களிலேயே இந்தப் பூஞ்சையின் தடயம் இருக்கிறது. நிலத்தில் செடிகள் காலூன்றிய காலத்திலிருந்தே இவை கூட இருக்கின்றன.

பெரும்பாலான செடிகளுக்கு இந்த உறவு உண்டு. மிளகாய், கத்தரி, வெண்டை, மரவள்ளி, வாழை, டுரியான் எல்லாம் இதில் அடங்கும். ஆனால் முட்டைக்கோஸ் குடும்பத்துக்குக் கிடையாது. பசாரில் சாவி என்று கேட்டு வாங்கும் கடுகுக் கீரை, காய்லான், முள்ளங்கி எல்லாம் அந்தக் குடும்பம்தான். தண்டுக்கீரை, முளைக்கீரை இனத்துக்கும் பெரும்பாலும் இல்லை. கீரைத் தொட்டிக்கு மைக்கோரைசா குருணை வாங்கிப் போடுவது காசை மண்ணில் போடுவதுதான். இதை எந்தப் பாக்கெட்டிலும் பெரிய எழுத்தில் போடுவதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

மண்ணை அடிக்கடி கொத்திக் கிளறினால் இழைகள் அறுபடும். மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் செடியே இந்தப் பூஞ்சையைக் குறைத்துக்கொள்ளும். குருணையையும் அந்த உரத்தையும் ஒன்றாக வாங்குவதில் அர்த்தமில்லை.

மண்ணின் கட்டமைப்புக்கும் இந்த இழைகள் உதவுகின்றன. இழையும் பாக்டீரியாவின் பசையும் சேர்ந்து மண்துகள்களைச் சிறு கட்டிகளாகப் பிணைக்கின்றன. அந்தக் கட்டிகளுக்கு நடுவில்தான் காற்றும் நீரும் நிற்கும்.

## நோய்க்கு எதிராக

நோயைத் தடுப்பதில் நல்ல நுண்ணுயிர்களுக்கு நான்கு வழிகள். இடத்தையும் தீனியையும் முந்திப் பிடித்துக்கொள்வது. எதிரியை ஒடுக்கும் பொருளைச் சுரப்பது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா இதில் கெட்டி. எதிரியையே தின்பது; ட்ரைக்கோடெர்மா என்ற பூஞ்சை நோய்ப்பூஞ்சையின் இழையைச் சுற்றி வளைத்து, அதன் சுவரைக் கரைத்து உள்ளே போய்விடும். நான்காவது, வேரில் இவை இருப்பதை உணர்ந்து செடி தன் தற்காப்பைத் தயார்நிலையில் வைத்துக்கொள்வது.

நம் நாட்டுச் செம்பனைகளின் அடித்தண்டை அழுகவைக்கும் கானோடெர்மா பூஞ்சைக்கு எதிராக ட்ரைக்கோடெர்மாவை ஆராய்ச்சியாளர்கள் நீண்ட காலமாகச் சோதித்து வருகிறார்கள். வீட்டளவில் அதன் சிறந்த பயன் நாற்றுத்தட்டில். முளைத்த இரண்டு மூன்று நாளில் தண்டு மெலிந்து நாற்று சாய்ந்து விழுகிறதே, அந்த நாற்றழுகலைக் குறைக்க விதைக்கும் மண்ணில் முன்கூட்டியே கலக்கலாம்.

முன்கூட்டியே என்பதுதான் முக்கியம். வந்துவிட்ட நோயை இவை குணப்படுத்துவதில்லை. கத்தரியோ தக்காளியோ இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தொங்கிப்போனால், தண்டை அறுத்து ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் நுனியை நனைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பால்போல ஒரு இழை கீழே இறங்கினால் அது ரால்ஸ்டோனியா என்ற மண் பாக்டீரியா கொண்டுவந்த வாடல் நோய். நம் சமவெளிச் சூடு அதற்கு மிகவும் பிடிக்கும். எந்த நுண்ணுயிர்க் கரைசலும் அந்தச் செடியைக் காப்பாற்றாது. பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். அந்த மண்ணில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் நெடுநாள் தவிர்த்து, கங்கோங், பயறு என்று வேறு குடும்பத்தை வையுங்கள்.

இதுவரை நான்கு வேலைகள் பார்த்தோம்: மட்க வைப்பது, காற்றின் நைட்ரஜனைப் பிடிப்பது, மணிச்சத்தைக் கொண்டுவருவது, நோயை முந்திக்கொள்வது. ஒவ்வொன்றையும் வேறு வேறு உயிர் செய்கிறது. "நல்ல கிருமி" என்று ஒரே சொல்லில் அடக்கினால் எந்த வேலைக்கு எது என்று தெரியாமல் போய்விடும்.

## பாட்டில்களைப் பற்றி

ஈ.எம். என்பது ஜப்பானிலுள்ள ஒகினாவாவின் ரியூக்யூ பல்கலைக்கழகப் பேராசிரியர் டெருவோ ஹிகா உருவாக்கிய கலவை. லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், ஒளியைப் பயன்படுத்தும் பாக்டீரியா ஆகியவை அதில் முக்கியம். 2009-ல் பினாங்குக் கடலில் ஈ.எம். கலந்த மண் உருண்டைகளைப் பெரும் எண்ணிக்கையில் எறிந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அந்தப் பெயர் இங்கே இன்னும் பலரை எட்டியது. சமையலறைக் கழிவை வாடையில்லாமல் புளிக்க வைக்க இது உதவும். செடியின் விளைச்சலைப் பொறுத்தவரை எச்சரிக்கையாக இருப்பது நல்லது. சூரிச்சில் நான்கு ஆண்டுகள் நடந்த வயல் ஆய்வில் உயிருள்ள ஈ.எம்-ஐயும், சூடேற்றிக் கிருமிகளைக் கொன்ற ஈ.எம்-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் சோதித்தார்கள். கிடைத்த பலனுக்குக் காரணம் அதோடு போட்ட புளித்த தவிடு போன்ற பொருள்தான், உயிருள்ள கிருமிகளால் தனிப் பலன் தெரியவில்லை என்றார்கள். அது குளிர்நாட்டு மண் என்பது உண்மை. ஆனாலும் தீனிதான் பெரிய பங்கு வகிக்கிறது என்று அது காட்டுகிறது.

பழத்தோல் என்சைம், ஒரு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர் என்று கலந்து மூன்று மாதம் வைப்பது. கிடைப்பது பெரும்பாலும் அமிலம். சத்து குறைவு. தரையும் கழிவறையும் துடைக்க நன்றாக இருக்கும். செடிக்கு ஊற்றுவதானால் தண்ணீரில் நன்றாக நீர்த்தே ஊற்ற வேண்டும், ஏற்கெனவே புளித்த நம் மண்ணுக்கு அதை உரமாக நம்பி இருக்க வேண்டாம். பஞ்சகவ்யத்தில் சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்வதால் கொஞ்சம் சத்தும் நிறையத் தீனியும் இருக்கின்றன. மட்கிய எருவுக்குத் துணையாக அது நல்லது, எருவுக்குப் பதிலாக ஆகாது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், உள்ளே இருக்கும் உயிரின் பெயரும் காலாவதி நாளும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெயில் படும் அலமாரியில் வைத்திருந்தால் வாங்காதீர்கள், அது உயிருள்ள பொருள். பூஞ்சைக்கொல்லி தெளித்த வாரத்தில் ட்ரைக்கோடெர்மா போடாதீர்கள். கரைசல் கலக்கும் தண்ணீரை ஓர் இரவு வாளியில் திறந்து வைத்தால் குளோரின் பெருமளவு போய்விடும். தினமும் ஊற்றும் குழாய்த் தண்ணீரைப் பற்றிக் கவலை வேண்டாம். மண்ணில் பட்டதும் அந்த அளவு குளோரின் செயலிழந்துவிடும்.

## நம் ஊர்த் தொட்டியில்

ஜெலுத்தோங் பிளாட்டின் நடைவழியில் கறுப்புப் பாலிபேக்கில் கறிவேப்பிலை வைத்திருப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது சூடு. பிற்பகல் வெயிலில் பையின் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கை சுட்டால் உள்ளே ஓரத்து வேரும் நுண்ணுயிரும் வேகின்றன. நிழல் பக்கம் நகர்த்துங்கள், அல்லது தொட்டிகளை நெருக்கி வைத்து ஒன்றின் நிழல் இன்னொன்றில் விழச் செய்யுங்கள். மேலே இரண்டு விரல் தடிமனுக்கு மூடாக்கு போடுங்கள், தண்டை மட்டும் தொடாமல்.

அடுத்தது காற்று. அடைமழைக் காலத்தில் தொட்டியின் அடித்துளை அடைத்துக்கொண்டால் மண்ணில் காற்று தீர்ந்து, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகும். அழுகிய முட்டை வாடை வந்தால் அதுதான் காரணம். அப்போது எந்தக் கரைசலும் ஊற்றாதீர்கள். துளையைத் திறந்து, கரித்த உமியும் தென்னை நார்த்தூளும் கலந்து மண்ணை இளக்குங்கள். புளிப்பு அதிகமான மண்ணுக்கு டோலமைட் சுண்ணாம்பு சிறிது சேர்த்தால் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கும் ரைசோபியத்துக்கும் அது இதமாகும்.

தீனியாக, மாதம் ஒரு பிடி மட்கிய எரு ஒரு நடுத்தரத் தொட்டிக்குப் போதும். பழைய தொட்டிமண்ணைக் கொட்டிவிட வேண்டியதில்லை. நோய் வராத மண் என்றால் எருவோடு கலந்து ஈரமாகச் சில வாரம் மூடி வைத்து மறுபடி பயன்படுத்தலாம்.

கடைசியாக, உடம்பைப் பற்றி ஒன்று. மண்ணில் இருப்பவை எல்லாம் நமக்கு நல்லவை அல்ல. பர்கோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா மலேசிய மண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாகவே இருக்கிறது. அது உண்டாக்கும் மெலியோய்டோசிஸ் காய்ச்சல் நீரிழிவு உள்ளவர்களுக்கு உயிராபத்து வரை போகலாம். நம் குடும்பங்களில் நீரிழிவு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கை கால் புண்ணோடு மண்ணில் இறங்காதீர்கள். கையுறையும் பூட்ஸும் போடுங்கள், வெள்ளம் வடிந்த பிறகு தோட்டத்தைச் சுத்தம் செய்யும்போது கட்டாயமாக. காய்ந்த தொட்டிமண்ணைத் தூசி பறக்கக் கொட்டாமல் முதலில் தண்ணீர் தெளியுங்கள். விடாத காய்ச்சல் வந்தால், மண்ணில் வேலை செய்தீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.